தொட்டிக்கு மேலே குழாய், வீணாகும் டீசல்

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று இரண்டைப் பற்றிப் படிக்கிறார்கள். உயரத்தில் இருக்கும் பொருளுக்கு அந்த உயரத்தால் உண்டாவது நிலை ஆற்றல். ஓடும் பொருளுக்கு அதன் வேகத்தால் உண்டாவது இயக்க ஆற்றல். இது பரீட்சைக்குரிய பாடம் மட்டும் அல்ல. கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயி இந்த இரண்டுக்கும் நாள்தோறும் காசு கொடுத்து வருகிறார்.

ஏற்றமும் கவலையும்

ஏற்றம் இறைத்த காலத்தில் ஏற்ற மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். அவருடைய உடல் எடை ஒரு பக்கம் இறங்கும்போது மறுபக்கம் சால் மேலே ஏறும். கவலையில் மாடுகள் சரிவான பாதையில் இறங்கியபடியே வடத்தை இழுக்கும். மாட்டின் எடையும் இழுவைக்குத் துணையாகும். ஆள் இறங்குவதாலும் மாடு இறங்குவதாலும் விடுபடும் நிலை ஆற்றல் தண்ணீரை மேலே ஏற்றியது. இன்று அந்த வேலையை மோட்டாரும் டீசல் எஞ்சினும் செய்கின்றன. உயரத்துக்கு உரிய விலையை மட்டும் எதுவும் குறைப்பதில்லை.

உயரத்தின் விலை

1,000 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் உயர்த்த 9,800 ஜூல் ஆற்றல் தேவை. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும்.

பல தோட்டங்களில் டெலிவரி குழாயின் வாய் தொட்டிக்கு மேலே ஐந்தடி உயரத்தில் இருப்பதைக் காணலாம். தண்ணீர் கொட்டுவது கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். இந்த ஐந்தடி, அதாவது 1.5 மீட்டர், பயிருக்கு எந்த விதத்திலும் உதவாது. ஆனால் 2 லட்சம் லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 30 லட்சம் ஜூல் செலவாகிறது.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 360 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. எஞ்சினிலும் பம்பிலும் வீணாவது போக, எட்டில் ஒரு பங்கு அளவே தண்ணீரைத் தூக்கப் பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 45 லட்சம் ஜூல். ஆகவே, வீணாகத் தூக்கும் ஐந்தடிக்கு, ஏக்கருக்கு ஒரு தண்ணீருக்கு அரை லிட்டருக்கு மேல் டீசல் போகிறது. ஒரு பயிருக்குப் பத்துத் தண்ணீர் கட்டினால் ஆறு லிட்டருக்கு மேல் ஆகிவிடும்.

அந்த ஆற்றல் எங்கே போகிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம். ஐந்தடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கீழே வரும்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம் பெறுகிறது. நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறிவிட்டது. வாய்க்காலில் குழி விழுவதும் கரை அரிப்பதும் இதனால்தான். காசு கொடுத்துத் தூக்கிய ஆற்றல் கரையை உடைக்கும் வேலையைச் செய்கிறது.

குறுகிய குழாயில் வேகம்

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் செலுத்த வேகம் நான்கு மடங்காக வேண்டும். ஆற்றலோ 16 மடங்காகும். குழாய்ச் சுவரில் உராய்ந்து வீணாவது அதைவிடவும் அதிகம்.

வினாடிக்கு 5 லிட்டர் தண்ணீர் 30 மீட்டர் நீளமுள்ள 2 அங்குலக் குழாயில் போகும்போது, உராய்வினால் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்துக்குச் சமமான ஆற்றல் வீணாகிறது. 3 அங்குலக் குழாயில் அதே தண்ணீர் போனால் இழப்பு அரை மீட்டர் அளவே. குறுகிய குழாய் வாங்கும்போது மிச்சமாகும் பணம், பிறகு டீசலில் போய்விடும்.

செய்ய வேண்டியவை

டெலிவரி குழாயின் வாயை, தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டியோ வாய்க்காலுக்குச் சற்று மேலேயோ இறக்கி அமைக்க வேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு கல் பலகை போட்டால் கரை அரிக்காது.

குழாயை மாற்றும்போது ஒரு அளவு பெரிய குழாயாகப் போடுவது நல்லது. செங்குத்தாகத் திரும்பும் எல்போக்களைக் குறைத்து, மெதுவாக வளையும் பெண்டுகளைப் போட வேண்டும். புட்வால்வின் சல்லடையில் தழையும் பாசியும் அடைத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும்.

உயரமும் உராய்வும் குறைந்தால் பம்பு கூடுதல் தண்ணீர் தள்ளும். அதனால் மோட்டாருக்குப் பளு கூடலாம். மாற்றம் செய்த அன்று மோட்டார் வழக்கத்தைவிட அதிகம் சூடேறினால், நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுவது அவசியம்.

மின் மோட்டார் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கூடுதல் தண்ணீர் வந்தால், மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் கடைமடைப் பாத்தி வரை பாய்ச்சிவிடலாம். 1932-ல் நீலகிரியில் தொடங்கிய பைக்காரா மின் நிலையம், மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் நிலை ஆற்றலைத்தான் மின்சாரமாக்கியது. கோவைப் பகுதியில் கிணறுகளுக்குப் பம்பு செட் வரவும் அது வழி செய்தது. மலையில் தண்ணீர் இறங்கிக் கொடுத்த ஆற்றலைக் கொண்டு கிணற்றில் தண்ணீரை ஏற்றினார்கள். அப்படி ஏற்றிய தண்ணீரை மறுபடியும் ஐந்தடி கீழே விழவிடுவது நஷ்டமே. விவசாயிகள் தங்கள் தொட்டிக்கும் குழாய் வாய்க்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்று ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.