இரண்டாவது தூண்டிலை எதில் வைப்பது?

கேள்வி: அண்ணா, போன மாசியில் குடும்பத்தோடு சிம்கோ ஏரிக்குப் போய், வாடகைக் குடில் ஒன்றில் இருந்து ஐஸ் பிஷிங் செய்தோம். எனக்கும் மகளுக்கும் அது நன்றாகப் பிடித்துவிட்டது. இந்த மாரிக்குச் சொந்தமாகத் தூண்டில்கள் வாங்கியாயிற்று. இரண்டாவது தூண்டிலை வைக்க றொட் ஹோல்டர் பார்க்கக் கடைக்குப் போனால் வாளியில் பூட்டுவது, மரத்தில் செய்தது, தராசு போல ஆடுவது, கொடி எழும்புவது என்று பல வகை. மீனைத் தானாகவே கொளுவும் வகையை வாங்கச் சொல்கிறான் தம்பி. எங்களுக்கு மஞ்சள் பேர்ச் கிடைத்தால் போதும். ஒரு நாளைக்கு லேக் ட்ரவுட்டும் பிடித்துப் பார்க்க ஆசை. எதை வாங்கலாம்?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, ஹோல்டரைப் பார்க்க முதல் அதில் இருக்கப்போகும் தூண்டிலைப் பாருங்கள். ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளில் பனிக்கு மேலிருந்து ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். ஒன்று உங்கள் கையில் இருக்கும், அதை ஆட்டிக்கொண்டே இருப்பீர்கள். மற்றது பக்கத்துத் துளையில், சின்ன மீனை இரையாகக் கொளுவி, ஆடாமல் தொங்கும். ஆடுகிற இரையைப் பார்த்து மீன் கிட்ட வரும். வந்த பிறகு தயங்குகிற மீன், பல நேரம் ஆடாத இரையைத்தான் வாயில் எடுக்கும். அந்த ஆடாத தூண்டிலுக்குத்தான் ஹோல்டர். மீன் கொத்துவதை அது உங்களுக்குக் காட்ட வேண்டும், கொத்திய மீன் தூண்டிலை இழுத்துக்கொண்டு துளைக்குள் போகாமல் தடுக்க வேண்டும். விலையையும் வடிவத்தையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பேர்ச் முரட்டுத்தனமாக இழுக்கிற மீன் இல்லை. குளிர்நீரில் அது இரையை மெல்ல உறிஞ்சிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். தூண்டில் நுனி கொஞ்சம் சாய்வது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். சில வேளை நுனி சாயாமல் நிமிரும். மீன் இரையோடு மேலே வருவதால் தங்கூசி தளர்கிறது, அதனால் நுனி எழும்புகிறது. புதிதாக வருபவர்கள் இதைக் காற்று என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆகவே தூண்டிலைக் கிட்டத்தட்டப் படுக்கையாகத் தாங்கி, நுனியைத் துளையின் நடுவுக்கு நேரே நிறுத்தும் ஹோல்டர்தான் உங்களுக்கு வேண்டும். நுனி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் தங்கூசி பனி விளிம்பில் உரசும். உரசும் இடத்தில் உறைந்து ஒட்டும், அல்லது அறுந்துபோகும். கோணத்தை மாற்றக்கூடிய ஹோல்டர் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

செங்குத்தான குழாய்க்குள் கைப்பிடியைச் செருகும் வகையில் எனக்கு உடன்பாடில்லை. துளையிலிருந்து அள்ளும் பனிக்கூழ் குழாய்க்குள் விழுந்து உறைந்தால், மீன் இழுக்கும் நேரத்தில் கைப்பிடி வெளியே வராது. படகுக்குச் செய்த ஹோல்டர்களைப் பனியில் பயன்படுத்துகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

இனி லேக் ட்ரவுட். பேர்ச் பிடிக்கச் சிம்கோ ஏரியில் குக்ஸ் விரிகுடாவின் ஆழம் குறைந்த பக்கமே போதும். ட்ரவுட்டுக்குப் பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்பெல்ட் விரிகுடா போன்ற ஆழமான இடம் வேண்டும். அங்கே ஆழம் சுமார் 40 மீட்டர் வரை இறங்குகிறது. ட்ரவுட் கொத்திய வேகத்திலேயே ஓடும். ஐஸ் பிஷிங் தூண்டிலின் நீளம் 60 முதல் 90 சென்டிமீட்டர்தான், துளையின் அகலமோ 20 சென்டிமீட்டர். நுனி உள்ளே போனால் முழுத் தூண்டிலும் பின்னாலே போகும். ஒவ்வொரு மாரியிலும் ஏரிக்கு அடியில் போய்ச் சேருகிற தூண்டில்களில் பல இப்படிப் போனவைதான்.

ஹோல்டர் தூண்டிலை விடாமல் பிடிக்குமா என்று கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் தூண்டிலை ரீலோடு கொண்டுபோங்கள், குளிர்காலக் கையுறையையும் போட்டுக்கொள்ளுங்கள். தூண்டிலை ஹோல்டரில் வைத்து நுனியைக் கீழே இழுங்கள். இழுக்க இழுக்கக் கைப்பிடி ஹோல்டருக்குள் இன்னும் இறுக வேண்டும். பிறகு கையுறையோடு கைப்பிடியை மேலே தூக்குங்கள். எங்கும் சிக்காமல் ஒரே அசைவில் கைக்கு வர வேண்டும். ரீலின் கால் ஹோல்டரில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறாத ஹோல்டரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அடித்தளம் துளையின் அகலத்தைவிட நன்றாக நீண்டிருக்க வேண்டும். ட்ரவுட்டுக்குப் போகும் நாளில் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் குடிலின் வாங்கில் முடிந்துவிடுங்கள். ரீலின் இழுவைத் திருகையும் தளர்த்தி வைத்தால், மீன் ஓடும்போது தங்கூசி மட்டும் போகும், தூண்டில் போகாது.

தராசு போல ஆடும் வகை நல்ல கண்டுபிடிப்பு. மீன் தொட்டவுடன் எந்தத் தடையும் காட்டாமல் நுனி இறங்கும், அதனால் சந்தேகப்படுகிற மீனும் இரையை விடாது. குடிலுக்குள் இருக்கிற உங்களுக்கு அது பொருந்தும். வெளியே, காற்றில், அது சும்மாவே ஆடிக்கொண்டிருக்கும், எது மீன் என்று தெரியாது.

தம்பி சொல்லும் தானியங்கி வகையைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் தூண்டிலை வில்லாக வளைத்து ஒரு விசையில் மாட்டி வைக்கிறார்கள். மீன் இழுத்ததும் விசை விடுபட்டு, தூண்டில் நிமிர்ந்து, முள் மீனின் வாயில் ஏறுகிறது. வேலை செய்யும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளைத்து வைத்த தூண்டில் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் விடுபட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குடில் சின்ன இடம். இன்னொன்று, இப்படியான கருவிகளுக்கான சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். வாங்குவதற்கு முன் ஒன்ராறியோ அரசு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் மீன்பிடி விதிகளின் சுருக்கத்தைப் படியுங்கள். எல்லாவற்றையும்விட, நுனி சாய்வதைத் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் மீனைக் கொளுவுவதைத்தான் உங்கள் மகள் முதலில் கற்க வேண்டும். அந்தச் சந்தோசத்தை ஒரு ஸ்பிரிங்குக்குக் கொடுக்காதீர்கள்.

எந்தப் பொருளில் செய்தது என்பதும் முக்கியம். மலிவான பிளாஸ்டிக் கவ்விகள் மைனஸ் 20 பாகையில் பட்டென்று உடையும். தடித்த நைலோனும் மரமும் தாங்கும். கறுப்பு நிற அடித்தளம் வெயிலில் சூடேறிப் பனிக்குள் இறங்கி, பின்னேரம் அப்படியே உறைந்துவிடும். இரும்பு என்றால், ஈரக் கையால் தொடக்கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும்.

என் முடிவு: கீழே படிந்து நிற்கும், நீண்ட அடித்தளமுள்ள, கைப்பிடியை முன்னும் பின்னும் தாங்கும் மரச்சட்ட வகையில் ஒன்று வாங்குங்கள். பேர்ச்சுக்கும் ட்ரவுட்டுக்கும் அதுவே போதும். மரவேலை தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அரை நாளில் செய்தும் விடலாம்.

கேள்வி: வாளியில் பூட்டும் ஹோல்டர் நல்லதா? நான் குடில் எடுப்பதில்லை, வெளியில் வாளிமேல்தான் இருப்பேன்.
— வாசகர், மார்க்கம்

பதில்: நீங்கள் இருக்கிற வாளியில் பூட்டாதீர்கள். நீங்கள் அசைகிற ஒவ்வொரு முறையும் நுனியும் அசையும். இரண்டாவது வாளி ஒன்றில் பூட்டி, அதற்குள் தண்ணீரோ பனியோ போட்டுப் பாரமாக்குங்கள். வெறும் வாளியைப் பெரிய பைக் மீன் சாய்த்துவிடும். பேர்ச்சுக்கு மட்டும் என்றால் நல்ல தெரிவுதான், குனியாமல் நுனியைப் பார்க்கலாம்.

கேள்வி: ஹோல்டரில் தூண்டிலை வைத்துவிட்டு, கரையில் நிற்கும் காரில் போய்க் கொஞ்ச நேரம் சூடேற்றிக்கொள்ளலாமா?
— வாசகர், அஜெக்ஸ்

பதில்: கூடாது. ஒன்ராறியோ விதிப்படி உங்கள் தூண்டிலிலிருந்து 60 மீட்டருக்கு மேல் விலகக்கூடாது. அந்தத் தூரத்துக்குள் இருந்தாலும், எந்த மறைப்பும் இல்லாமல் எப்போதும் அது உங்கள் கண்ணில் பட வேண்டும். குளிர் தாங்க முடியாவிட்டால் தூண்டிலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

எந்த ஹோல்டர் வாங்கினாலும், பனியில் கால் வைப்பதற்கு முன் அதன் தடிப்பை அளந்து பாருங்கள். நடப்பதற்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர் வேண்டும் என்கிறது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம். அதுவும் தெளிந்த நீலப்பனிக்குச் சொன்ன கணக்கு. வெண்பனி அவ்வளவு உறுதியானது அல்ல. ஓரிடத்தில் அளந்து நிறுத்தாமல், போகப்போக அளந்துகொண்டே போங்கள்.