பன்றிக்கறியும் மூளைக்குள் புழுவும்

கேள்வி: வெண்பன்றிப் பண்ணை வைக்க ஆசை. ஆனால் பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் புழு ஏறி வலிப்பு வரும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– ஈரோடு வாசகர்

பதில்: பாதிதான் உண்மை. புழுக்கட்டியுள்ள கறியை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வரும் இளம்புழு. புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. அவர் கைகழுவாமல் சமைத்தாலோ, மலம் கலந்த நீர் பாய்ந்த காய்கறியைப் பச்சையாகத் தின்றாலோ அவை நம் வயிற்றுக்குள் போகும். சுத்த சைவர்களுக்கும் இந்த வலிப்பு வருவது இதனால்தான். பன்றிக்கும் நோய் மனித மலத்திலிருந்தே தொற்றுகிறது. பழியை அதன்மேல் மட்டும் போடுவது அநியாயம்.

ஆகவே பண்ணையில் முதல் செலவு வேலையாட்களுக்கான கழிப்பறையாக இருக்கட்டும். பன்றிகளை வெளியே திரியவிடாமல் கொட்டிலிலேயே வளருங்கள். ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் ஒரே தவணையில், சதையிலுள்ள கட்டிகளை அழிக்கும். தடுப்பூசியும் உண்டு. இரண்டையும் கால்நடை மருத்துவர் சொல்படி செய்யுங்கள். மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் வெட்டக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கறியில் ஜவ்வரிசி போன்ற நீர்க்கட்டியும் அதற்குள் வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால் அதை விற்காதீர்கள், வாங்காதீர்கள். நல்ல கறியையும் உள்ளே சிவப்பு மறையும்வரை வேகவைத்தே சாப்பிடுங்கள். தைரியமாகப் பண்ணையைத் தொடங்குங்கள்.