பழைய பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?



லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும்போது வீட்டுக்கு வீடு ஒரு சண்டை வரும். "தாத்தா பெட்டிய வீசிறாதீங்க" என்பார் அப்பாயி. "துருப்பிடிச்சத எதுக்கு அப்பாயி சுமக்கணும்?" என்பான் பேரன். இரண்டிலும் நியாயம் உண்டு. பெட்டியைத் திறந்து மூன்றாகப் பிரியுங்கள்.

1. கடதாசிகள்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய சம்பளத் துண்டு எதையும் எரிக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்குள்ள அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை தந்தது. அத்தனை காலம் இங்கே இருந்தோம் என்பதற்குக் கடதாசிதான் சாட்சி. சேமலாப நிதி எடுக்கும்போது பெயரில் வித்தியாசம் வந்தாலும் அதுதான் கைகொடுக்கும். பிரதி எடுத்து, ஈரம் படாமல் வையுங்கள்.

2. கைபட்ட சாமான்கள்: அம்மாவின் கொழுந்துக் கூடை, அப்பாவின் கவ்வாத்துக் கத்தி. ஒருவர் நினைவுக்கு ஒரு பொருள் போதும். எது என்று மூத்தவர்களே சொல்லட்டும்.

3. உடைந்தது, செல்லரித்தது: இவற்றை விடலாம். ஆனால் முதலில் அப்பாயியிடம் அதன் கதையைக் கேட்டு, பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.