தவணைக் குதிரையும் வட்டிக் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

உருசிய நாட்டுக் கணித ஆசிரியர் லியோன்தி மாக்னித்ஸ்கி 1703-ஆம் ஆண்டு வெளியிட்ட 'எண்கணிதம்' என்னும் பாடநூலில் ஒரு குதிரை வியாபாரம் வருகிறது. ஒருவன் தன் குதிரையை 156 ரூபிளுக்கு விற்கிறான். வாங்கியவன், "இது அவ்வளவு பெறாது" என்று குதிரையைத் திருப்பிக் கொண்டுவருகிறான். விற்றவன் சளைக்கவில்லை. "அப்படியானால் லாடத்து ஆணிகளுக்கு மட்டும் விலை கொடு, குதிரை இனாம். லாடத்துக்கு ஆறு ஆணி, நான்கு காலுக்கும் 24 ஆணி. முதல் ஆணிக்குக் கால் கோபெக், இரண்டாவதற்கு அரை, மூன்றாவதற்கு ஒன்று, இப்படி ஒவ்வொன்றுக்கும் இரட்டித்துக் கொடுத்தால் போதும்" என்கிறான். வாங்குபவன் மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறான்.

பெருக்குத் தொடரின் கூடுதல் காணும் வாய்பாட்டை இதில் இட்டுப் பாருங்கள். 2-இன் 24-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து நான்கால் வகுத்தால் 41,94,303¾ கோபெக் வருகிறது. நூறு கோபெக் ஒரு ரூபிள். ஆகவே 156 ரூபிள் அதிகம் என்று சொன்னவன் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 41,943 ரூபிள்!

வகுப்பில் இக்கணக்கைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் எனக்கு எங்கள் வீட்டுக் குதிரை நினைவுக்கு வந்தது. அதுவும் தவணையில் வாங்கியதுதான். அதன் விலையை நான் அதுவரை கணக்கிட்டுப் பார்த்ததில்லை. பார்த்ததை மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். தார்ச்சாலையும் பேருந்தும் இருக்கின்றன என்றாலும், தோட்டங்கள் பலவற்றுக்கு வண்டிப் பாதை கிடையாது. அங்கே விளையும் எலுமிச்சை, வாழை, பலா, காப்பி, மிளகு யாவும் குதிரை முதுகில்தான் சாலைக்கு வந்து சேர்கின்றன. பொங்கலன்று கீழே மாடுகளுக்குச் செய்யும் மரியாதையை மேலே நாங்கள் குதிரைகளுக்குச் செய்கிறோம். குளிப்பாட்டி, பொட்டிட்டு, பொங்கல் ஊட்டுவோம். குதிரை என்றதும் அரசர்களையும் பந்தயத்தையும் நினைப்பவர்கள் எங்கள் ஊர்ச் சுமைக்குதிரையைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். அது குள்ளமானது, கரடு முரடான பாதையில் கால் தவறாமல் இறங்குவது ஒன்றே அதன் பெருமை.

என் தந்தையார் சுமைக்குதிரை ஓட்டுபவர். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆனால் குதிரையின் வாயைத் திறந்து வயது சொல்வதில் அவரை யாரும் ஏய்க்க முடியாது. இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் முன்பற்கள் நடுவிலிருந்து இணை இணையாக விழுந்து முளைக்கும் என்பதையும், ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும் என்பதையும் நான் விலங்கியல் மாணவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். அவர் எந்தப் புத்தகமும் பாராமல் சொல்லுவார்.

பழைய குதிரைக்கு வயதாகிவிடவே, ஒரு வியாபாரியிடம் ரூ. 30,000-க்கு ஐந்து வயதுக் குதிரை ஒன்றைப் பேசினார். முன்பணம் ரூ. 6,000. பாக்கி ரூ. 24,000-க்கு நூற்றுக்கு இரண்டு வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை. வியாபாரி கணக்குப் போட்ட விதம் இது: 24,000-க்கு மாத வட்டி 480, பன்னிரண்டு மாதத்துக்கு 5,760, அசலோடு சேர்த்து 29,760, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ. 2,480. கணக்கில் பிழை ஏதும் இல்லை. மனக்கணக்காகவே தந்தையாரும் அதைச் சரிபார்த்துத் தலையாட்டினார்.

இப்போது வேறு விதமாகப் போட்டுப் பார்ப்போம். மாதந்தோறும் அசலில் ரூ. 2,000 திருப்புவது, நிற்கும் பாக்கிக்கு மட்டும் நூற்றுக்கு இரண்டு வட்டி கொடுப்பது. முதல் மாதம் பாக்கி 24,000, வட்டி 480, தவணை 2,480. வியாபாரி சொன்ன தொகையேதான்! இரண்டாம் மாதம் பாக்கி 22,000, வட்டி 440, தவணை 2,440. மூன்றாம் மாதம் 2,400. இப்படி மாதத்துக்கு நாற்பது நாற்பதாக இறங்கி, கடைசித் தவணை 2,040-இல் வந்து நிற்கும். இந்தக் கூட்டுத் தொடரின் மொத்தம் ரூ. 27,120. வட்டி மட்டும் ரூ. 3,120.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு முறையிலும் முதல் தவணை ஒன்றே. வியாபாரியின் முறையில் அந்த முதல் மாதம் பன்னிரண்டு முறை திரும்பத் திரும்ப வருகிறது. பதினொரு தவணை கட்டி, கையில் வியாபாரியின் பணம் இரண்டாயிரம் மட்டுமே எஞ்சியிருக்கும்போதும், 24,000-க்கும் வட்டி போய்க்கொண்டிருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கு நாம் செலுத்தும் வட்டி 5,760-இல் 3,120 போக மீதி, ரூ. 2,640.

அப்படியானால் உண்மை வட்டி எவ்வளவு? பள்ளிக்கூட முறைப்படி, ஒவ்வொரு மாதமும் நின்ற பாக்கிகளைக் கூட்டினால் (24,000 முதல் 2,000 வரை) 1,56,000 வரும். 5,760-ஐ அதால் வகுத்தால் நூற்றுக்கு 3.69. இது தோராயமே, ஏனெனில் சமத் தவணையில் தொடக்கத்தில் வட்டிப்பங்கு கூடுதலாகவும் அசற்பங்கு குறைவாகவும் இருப்பதால், அசல் நாம் எண்ணியதைவிட மெதுவாகக் குறைகிறது. துல்லியமாகக் காண, மாதம் 2,480 வீதம் வரும் பன்னிரண்டு தவணைகளின் இன்றைய மதிப்பு 24,000 ஆகும் வட்டி வீதத்தைத் தேடவேண்டும். அச்சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க இயலாது. எண்ணியல் முறைகள் பாடத்தில் படித்த நியூட்டன்–ராப்சன் முறை கைகொடுத்தது. 3.4 வைத்துப் பார்த்தால் மிஞ்சுகிறது, 3.5 வைத்தால் குறைகிறது, 3.48-க்கு அருகில் வந்து படிகிறது. ஆண்டுக்கு 24 என்று வாயால் சொல்லப்பட்டது, கையில் ஏறத்தாழ 42 ஆகிவிடுகிறது. (அந்தப் பாடம் எதற்கு உதவும் என்று சென்ற பருவத்தில் கேட்ட நண்பர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.)

நான் இதைத் தந்தையாரிடம் நோட்டில் எழுதிக் காட்டினேன். "ரெண்டு வட்டின்னுதானேடா சொன்னாரு, பொய்யா சொன்னாரு?" என்றார். "பொய் இல்லப்பா, எதுக்கு ரெண்டுன்னு சொல்லல" என்றேன். சற்று நேரம் நோட்டைப் பார்த்துவிட்டு, "நமக்குக் குதிரைக்கின்னு கடன் குடுக்க வேற யாரு மலையேறி வர்றா?" என்று கேட்டார். அக்கேள்வியை நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை. பத்திரமோ ஜாமீனோ இல்லாமல் ஒரு மனிதர் 24,000 ரூபாய்ப் பண்டத்தை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்புகிறார்; பணம் வராமலே போகலாம். அதற்கென ஒரு கூடுதல் வட்டி கேட்பது நியாயமே. அந்தக் கூடுதலைக் கூடுதல் என்று சொல்லிக் கேட்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வழங்கும் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்கள் எல்லாம் உள்ளடங்கிய ஆண்டு வட்டி வீதத்தை ஒரு குறிப்பாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. குதிரை வியாபாரிக்கு அவ்விதி இல்லை.

வட்டியை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குதிரை உயிருள்ள பண்டம். தையல் இயந்திரத்தைத் தவணையில் வாங்கினால் அது பழுதாகலாம். வயிற்றுவலி வந்து ஒரே இரவில் இறந்துபோகாது. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதால் அதற்கு வயிற்றுவலி கண்டால் அபாயமாகவும் முடியலாம். தவணை முடியுமுன் குதிரை செத்தால் நட்டம் யாருக்கு?

இதற்காகச் சட்டநூல்களைப் புரட்டியபோது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் எடுத்துக்காட்டுகளில் குதிரைகள் நிறைந்து கிடப்பதைக் கண்டு வியந்தேன். பேரம் பேசும்போதே குதிரை செத்திருந்து, அது இருவருக்கும் தெரியாதிருந்தால் ஒப்பந்தம் செல்லாது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் நோயைப் பற்றி வாய் திறவாதிருந்தால் அது மட்டுமே மோசடியாகிவிடாது. ஆனால் வாங்குபவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவன் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆகவே பல்லைப் பார்ப்பதோடு நில்லாமல், நாலு பேர் முன்னிலையில் வாய்விட்டுக் கேட்டுவிடுவது வாங்குபவருக்கு லாபம்.

1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, நிபந்தனை ஏதும் இல்லாமல் 'இந்தக் குதிரை' என்று குறித்துப் பேசி முடித்த உடனேயே அது வாங்குபவருக்குச் சொந்தமாகிறது. பணத்துக்குக் கெடு வைத்திருந்தாலும் சரியே. சொந்தம் யாருக்கோ நட்டமும் அவருக்கே. அதன்பின் குதிரை இறந்தால் பாக்கித் தவணையைக் கட்டித்தான் ஆகவேண்டும். கடைசித் தவணை வரை சொந்தம் தனக்கே என்று விற்பவர் நிறுத்தி வைத்துக்கொண்டால் நட்டமும் அவர் பக்கம் நிற்கும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதிருந்தால்! எங்கள் வீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வரி: தவணை முடியும் வரை குதிரை வியாபாரிக்கே சொந்தம். நான்காம் வரி: குதிரைக்கு எது நேர்ந்தாலும் தவணை நிற்காது. சொந்தம் ஒருவருக்கு, நட்டம் மற்றவருக்கு. அதன் கீழே என் தந்தையாரின் கையெழுத்து. தவணைக் கொள்முதலில் வாங்குபவரைக் காக்கவென்று 1972-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் கிடந்து 2005-இல் நீக்கப்பட்டது.

எங்கள் குதிரை சாகவில்லை. ஏழாம் மாதத்தில் லாடம் அடிக்கையில் ஆணி ஒன்று விலகி உயிர்ச்சதையில் இறங்கிவிட்டது. குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் போல உணர்ச்சியற்றது. உள்ளே ஓரங்குலம்கூடத் தள்ளவேண்டாம், வலியும் இரத்தமும்தான். சீழ் பிடித்து ஐம்பது நாள் குதிரை நின்றுவிட்டது. வருமானம் நின்றாலும் கொள்ளு, தவிடு, புல் என்று நாளொன்றுக்கு 150 ரூபாய் தீனிக்குப் போயிற்று. இரண்டு தவணை கட்டுவதற்காகத் தந்தையார் திண்டுக்கல்லில் தண்டல் வாங்கினார். பத்தாயிரம் என்று எழுதி, 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள். இதற்கும் அதே சமன்பாட்டைப் போட்டேன். மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து! தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவசரத்தில் வாங்குபவருக்கு அப்பெயர்கள் எதுவும் காதில் விழுவதில்லை.

மாடுகளுக்கு மட்டும்தான் என்று எங்கள் ஊரில் பலரும் எண்ணியிருக்கும் கால்நடைக் காப்பீடு, தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ்க் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகிய சுமை விலங்குகளுக்கும் உண்டு. 2024 பிப்ரவரியில் பயனாளியின் பிரீமியப் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இது ஆணி குத்தியதற்கு உதவாது, இறப்புக்கு உதவும்.

சென்ற தை மாதம் என் சிற்றப்பா ரூ. 31,000-க்கு ஒரு குதிரை பேசி, ரூ. 7,000 முன்பணம் கொடுத்தார். பாக்கி அதே 24,000, அதே இரண்டு வட்டி, பன்னிரண்டு மாதம். என்னையும் உடன் அழைத்துப் போனார்கள். மாதத்துக்கு நாற்பது குறையும் அட்டவணையைக் காட்டினேன். வியாபாரி, "மாசத்துக்கு ஒரு தொகைன்னா எனக்கு எப்படித் தம்பி ஞாபகம் இருக்கும்?" என்று தள்ளிவிட்டார். தந்தையார் என்னிடம் மெல்ல, "மொத்தத்தைப் பன்னெண்டுல வகுத்துச் சொல்லு" என்றார். 27,120-ஐ வகுத்து 2,260 என்றேன். அவர் 2,480 என்றார். தேநீர் இரண்டு முறை வந்தது. கடைசியில் 2,300 என்று முடிந்தது. நான்காம் வரியை அடித்துவிட்டு, 'குதிரை இறந்தால் அதற்குப் பிந்திய தவணைகளில் பாதி' என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். வீட்டுக்கு வந்து சமன்பாட்டில் இட்டுப் பார்த்தேன்: மாதத்துக்கு 2.22.