செல்ஃப் எடுக்கிறதே, பிறகென்ன?

கார்த்திகை, மார்கழி விடியலில் தெருவுக்கு ஒரு காராவது மக்கர் பண்ணும். சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் வரும், இன்ஜின் அசையாது. “மழை ஈரம் பேட்டரியைக் காலி பண்ணிடுச்சு” என்பார் வண்டிக்காரர். மழையின் மேல் பழி போடுகிறோம். அந்தப் பேட்டரி சித்திரை வெயிலிலேயே பாதி செத்துவிட்டது.

குளிரும் ஈரமும்தான் பேட்டரிக்கு எமன் என்ற நம்பிக்கையை முதலில் திருத்த வேண்டும். குளிரில் பேட்டரியின் வலு தற்காலிகமாகக் குறையும், இன்ஜின் ஆயில் சற்றுக் கெட்டிப்படும். ஆயுளைத் தின்பது சூடு. உள்ளே நடக்கும் வேதிவினைகள் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் இரண்டு மடங்கு வேகம் பிடிக்கின்றன. ஈயத் தகடுகளைத் தாங்கும் சட்டம் அரித்துப்போகிறது, தண்ணீர் வற்றுகிறது. வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மதியத்தில் ஓடி நின்ற காரின் பானட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். கோடையில் வினை வேகமாக நடப்பதால், நொந்துபோன பேட்டரியும் எப்படியோ இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. ஐப்பசிக்குப் பிறகு, வைப்பரும் ஹெட்லைட்டும் தினமும் சேர்ந்து இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. அதனால் பேட்டரியைச் சோதிக்க ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி என்பேன். வெயில் செய்த சேதம் தெரியும். மழை இன்னும் பிடித்திருக்காது.

“3 வருஷம் ஆச்சா, மாத்திடுங்க” என்கிறார் ஒருவர். “செல்ஃப் எடுக்குதே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்கிறார் இன்னொருவர். இரண்டுமே ஊகம். கார் பேட்டரிகள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். தினமும் நெடுந்தூரம் போகும் வண்டிக்கும், வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய்வரும் வண்டிக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. 3 வருடம் ஆனால் சோதிக்கத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதிப்பது பெரிய வித்தை இல்லை. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. காலியான பேட்டரி எல்லாம் கெட்ட பேட்டரி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதவு சரியாக மூடாமல் இரவெல்லாம் விளக்கு எரிந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். முழுக்க சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, இன்ஜின் சுற்றும் அந்த ஓரிரு நொடியில் மீட்டரைக் கவனியுங்கள். சார்ஜ் நிறைந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அதற்கு உழைக்கத் தெம்பில்லை. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு இந்த இடத்தில் விழுந்துவிடும் பேட்டரிகள் உண்டு. காதுக்கும் இது தெரியும்: ஒரே மூச்சில் பிடித்த இன்ஜின், இழுத்து இழுத்துப் பிடிக்கத் தொடங்கும்.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். சில புதிய மாடல்களில் கம்ப்யூட்டரே இதைக் கொஞ்சம் ஏற்றி இறக்கும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் போன கார்த்திகையில் புதுப் பேட்டரி போட்டார். இரண்டே வாரத்தில் மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை. ஓடும் இன்ஜினில் அளந்தால் 12.3. பழுது, மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்நேட்டரில். பேட்டரி விற்ற கடையில் ஒரு நிமிடம் மீட்டர் வைத்திருந்தால் அவருக்கு அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அதே ஆல்டர்நேட்டரைச் சோதிக்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பேட்டரி விலகியதும் வோல்ட்டேஜ் திடீரென எகிறி, இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும்.

பேட்டரியின் மேல் பச்சைக் கண் தெரிந்தால் அது நலம் என்பதும் அரை உண்மை. பேட்டரிக்குள் 6 அறைகள். அந்தக் கண் பார்ப்பது ஒரே ஓர் அறையை. தினமும் 5 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் சார்ஜ் ஏறிவிடும் என்பதும் அப்படியே. அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுவதே பலன் தரும். பேட்டரிக்குள் தண்ணீர் மட்டம் குறைந்தால் ஆசிட் ஊற்றக் கூடாது. வற்றுவது தண்ணீர், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்ட் வாட்டர் போதும். உப்பு நிறைந்த போர் தண்ணீர் ஆகவே ஆகாது. சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகள் வருவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு.

முனையில் பூத்த வெள்ளைப் பொடியும் லூசான கிளாம்பும்கூடச் செத்த பேட்டரி போலவே நடிக்கும். ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவிப் பாருங்கள். ஆனால் பெட்டி பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, எந்த மீட்டரும் வேண்டாம், உடனே மாற்றுங்கள். ஏன் அப்படி ஆனது என்று ஆல்டர்நேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். முறையற்ற இடங்களில் ஆசிட்டைத் தரையில் கொட்டி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் படியும் மண்ணில்தான் பக்கத்துக் குடிசைகளின் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.