தண்ணீரையும் எண்ணெயையும் பிரிக்கும் உலோக வலை

இறைப்பு இயந்திரத்திற்கு வாங்கும் டீசல் எண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பின், எண்ணெய் பீச்சும் முனை துருப்பிடித்து, பயிர் வாடும் தருணத்தில் இயந்திரம் நின்றுவிடக்கூடும் என்பது குடியானவர்கள் அறிந்ததே. இவ்விரு திரவங்களையும் பிரிக்கவல்ல உலோக வலையின் தத்துவத்தை ஈண்டு விளக்குவோம்.

தாமரை இலையிலும் சேம்பின் இலையிலும் நீர் ஒட்டாது உருண்டோடுவதை யாவரும் கண்டிருப்பர். இலையின்மேல் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மீது மெழுகும் இருப்பதே இதற்குக் காரணம். நீர்த்துளி ஒரு பரப்பைத் தொடும் விளிம்பில் உண்டாகும் கோணம் தொடுகோணம் எனப்படும். அது 90 பாகைக்குக் குறைந்தால் பரப்பு நனையும் இயல்புடையது. 150 பாகைக்கு மேற்பட்டால் துளி ஏறக்குறையப் பந்துபோல் நிற்கும். சொரசொரப்பானது பரப்பின் இயல்பான குணத்தை மிகுவிக்கும் என்பதை வென்ஸெல் என்பவர் 1936-ம் வருஷத்தில் விளக்கினார்.

இவ்விதியைக் கைக்கொண்டு செப்புக் கம்பி வலையைப் பக்குவம் செய்கிறார்கள். பிசுக்கு நீக்கிய வலையை, காஸ்டிக் சோடாவும் அம்மோனியம் பெர்ஸல்பேட்டும் கரைத்த நீரில் அமிழ்த்தினால், கம்பியின்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஊசிகள் முளைக்கின்றன. இவ்வலை நீரை விரும்பும். முன்னதாக நீரில் நனைத்து வைத்தால் நீரை விட்டு எண்ணெயைத் தடுக்கும். அதையே ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் கரைத்த சாராயத்தில் தோய்த்து உலர்த்தினால், குணம் நேர்மாறாகி, எண்ணெயை விட்டு நீரைத் தடுக்கும். டைட்டானியம் ஆக்ஸைடு பூசிய பரப்போ, புறஊதாக் கதிர் பட்டால் நீரை விரும்பும். இருளில் வைத்தால் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். ஜப்பானிய விஞ்ஞானிகள் இதனை 1997-ல் வெளியிட்டனர். துருப்பிடியாத எஃகு வலையில் டெப்லான் பூசி எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் முறையைச் சீன விஞ்ஞானிகள் 2004-ல் வெளியிட்டனர். டெப்லான் பூசிய வலை பொருத்திய புனல்கள் கடைகளில் விற்கப்படுகின்றன.

இவற்றைக் கையாளுவோர் கவனிக்க வேண்டியவை:

1. நீர் எண்ணெயைவிடக் கனமானது. எண்ணெயை விடும் வலை படுக்கையாக இருந்தால், நீர் அதன்மேல் தங்கி வழியை அடைத்துவிடும். ஆகையால் வலையை நிமிர்த்திப் பொருத்தி, தேங்கும் நீரை அவ்வப்போது அகற்றுதல் வேண்டும்.

2. வலைக்கண் எவ்வளவு சிறிதோ, அவ்வளவு அதிக உயரமுள்ள நீரைத் தாங்கும். அளவு மிஞ்சினால் நீர் கசியும்.

3. சோப்புக் கலந்து பால்போல் ஆகிவிட்ட கலவையை இத்தகைய வலை பிரிக்கமாட்டாது. வலையையும் சோப்பிட்டுக் கழுவலாகாது. சோப்பின் மிச்சம் நீர் தடுக்கும் குணத்தைக் கெடுக்கும்.

4. உலர்ந்த வலையின்மேல் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்க. துளி உருண்டு நின்றால் வலை நன்று. பரவி இறங்கினால் அதனை நம்பலாகாது.

வலை ஒரு துணையே. பீப்பாயை அசையாமல் ஒரு நாள் தெளியவிட்டு, அடியிலுள்ளதைக் கலக்காமல் மேலெண்ணெயை எடுத்து, அதன்பின் வலையில் வடிப்பதே இயந்திரத்திற்கும் பயிருக்கும் க்ஷேமம்.