போர் தண்ணீரும் களைமருந்தும்

அன்புள்ள நண்பருக்கு,

மக்காச்சோளத்தில் 2,4-டி அடித்தும் பார்த்தீனியமும் சாரணையும் சில நாள் முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி துளிர்த்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடையில் அதே மருந்தை வாங்கிய பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் களை காய்ந்து மடிந்துவிட்டது. அதனால் உங்களுக்கு வந்தது போலியோ, அடுத்த முறை அளவை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: அவர் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீரில் கலக்கினார், நீங்கள் போர் தண்ணீரில். என் சந்தேகம் முழுவதும் அந்த வரியின் மேல்தான்.

நீங்கள் வாங்கியது 2,4-டியின் அமைன் உப்பு. தண்ணீரில் கரைந்ததும் 2,4-டி எதிர்மின்னூட்டத்தோடு தனியே பிரிகிறது. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் நேர்மின்னூட்டம். அமைன் இருந்த இடத்தில் கால்சியம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்படி உண்டாகும் உப்பு எளிதில் கரைவதில்லை, இலையின் மெழுகுத் தோலைக் கடந்து இறங்குவதும் அரிது. துளி இலைமேல் காயக் காய, மிஞ்சியிருக்கும் ஈரத்தில் கால்சியத்தின் செறிவு ஏறிக்கொண்டே போகும். இலை நன்றாக நனைந்ததைத்தான் நாம் பார்க்கிறோம். செடிக்குள் போன மருந்தோ கொஞ்சம். உங்கள் களை முறுக்கியதும் அந்தக் கொஞ்சத்தால்தான், பிழைத்ததும் அது கொஞ்சமாக இருந்ததால்தான்.

கிளைபோசேட்டில் இந்தக் கோளாறு இன்னும் கடுமை. 1964-ல் அமெரிக்காவின் ஸ்டாஃபர் நிறுவனம் அந்தச் சேர்மத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது, உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் பொருள் என்றுதான் அதைச் சொன்னார்கள். களையைக் கொல்லும் என்று மான்சான்டோவின் ஜான் ஃபிரான்ஸ் கண்டது 1970-ல். (நம் நாட்டில் அதற்குத் தேயிலையிலும் பயிரில்லா நிலத்திலும் மட்டுமே பதிவு. மக்காச்சோளக்காட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.) நம்மூர்த் துத்திக்கு நெருங்கிய உறவான களை ஒன்று அமெரிக்க மக்காச்சோள வயல்களில் பெருந்தொல்லை. அதன் இலைமேலேயே கால்சியம் கசிந்திருக்கும். தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் அங்கே கிளைபோசேட் தடுமாறும்.

இதற்கான மாற்று உரக்கடையிலேயே கிடைக்கிறது: அம்மோனியம் சல்பேட். துளி காயும்போது சல்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஜிப்சமாகிவிடும். அம்மோனியம் மருந்தோடு சேர்ந்து, இலைக்குள் எளிதாக இறங்கும் உப்பாக அதை மாற்றும். எவ்வளவு போடுவது என்பதற்கு வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் நலவாஜாவும் உடன் உழைத்தவர்களும் ஒரு கணக்குத் தந்தார்கள். நம் அளவுக்கு மாற்றினால் அது ஏறக்குறைய இப்படி வரும்: ஒரு லிட்டரில் இருக்கும் கால்சியம் மில்லிகிராமை 0.011-ஆலும், மெக்னீசியத்தை 0.017-ஆலும், சோடியத்தை 0.006-ஆலும், பொட்டாசியத்தை 0.0024-ஆலும் பெருக்கிக் கூட்டினால், லிட்டருக்கு எத்தனை கிராம் அம்மோனியம் சல்பேட் வேண்டும் என்று தெரியும். கால்சியம் 200, மெக்னீசியம் 80, சோடியம் 300 என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு ஐந்தரை கிராமுக்குள் வரும். 16 லிட்டர் டேங்குக்கு 85 கிராம் போதும்.

கல்லுப்புப் போட்டால் களை சீக்கிரம் சாகும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து போடாதீர்கள். மேலே உள்ள கணக்கிலேயே சோடியம் எதிரி வரிசையில்தான் நிற்கிறது. நிலமும் கெடும். அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதிலாக யூரியா போட்டாலும் பயனில்லை, அது கால்சியத்தைத் தொடுவதே இல்லை.

வரிசை மிக முக்கியம். பாதி டேங்க் தண்ணீரில் முதலில் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்துத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், மருந்து அதற்குப் பிறகுதான். களையின் இலைக்குள் மருந்து நன்றாக இறங்கினால் மக்காச்சோள இலைக்குள்ளும் கூடுதலாக இறங்கும். அதனால் லேபிளைப் படித்துவிட்டு, ஓரத்தில் நாலு வரிசையில் அடித்துப் பார்த்த பிறகே மற்ற இடத்துக்குப் போங்கள். அளவை இரட்டிப்பாக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். இன்றைக்குத் தண்ணீர் தடுத்துவைத்திருக்கும் மருந்து, நாளை நல்ல தண்ணீர் கிடைத்ததும் இரண்டு மடங்காகப் பயிருக்குள் போகும்.

லேபிள் இடம் கொடுக்கும் அளவுக்குள் ஏக்கருக்கான தண்ணீரைக் குறைப்பதும் உதவும். மருந்து அதே அளவு, தண்ணீர் பாதி என்றால் கால்சியமும் பாதிதான். மழைநீரைப் பிடித்துவைத்தால் இந்தக் கவலையே இல்லை. எஸ்டர் வகை 2,4-டியைக் கடினநீர் அவ்வளவாகப் பாதிக்காது என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அது வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போகும். பக்கத்தில் பருத்தி, தக்காளி, திராட்சை எது இருந்தாலும் சுருண்டுவிடும், அந்த நஷ்டத்தை யாரும் ஈடுகட்ட முடியாது.

வாய்க்கால் தண்ணீரும் எப்போதும் நல்லதென்று எண்ண வேண்டாம். கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் களிமண் துகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும், ஆகவே கலங்கல் தண்ணீர் அவற்றுக்கு ஆகாது. எல்லா மருந்துக்கும் புளிப்பு ஏற்றினால் நல்லது என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நெல்லுக்கு அடிக்கும் மெட்சல்ஃபியூரான் புளித்த தண்ணீரில் சிதைந்துபோகும்.

மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் போர் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். அறிக்கையில் மில்லி ஈக்விவலன்ட் என்று போட்டிருந்தால் கால்சியத்தை 20-ஆலும், மெக்னீசியத்தை 12-ஆலும், சோடியத்தை 23-ஆலும், பொட்டாசியத்தை 39-ஆலும் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். அந்த நான்கு எண்களையும் எழுதி அனுப்புங்கள், உங்கள் டேங்குக்கான கணக்கைப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்